கிராண்ட் கேன்யன் முதல் சயான் வரை: பாலைவனப் பள்ளத்தாக்குகளைக் குடும்பத்தோடு போய்ப் படமெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் முறை அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனுக்குப் போனபோது நானூறுக்கும் மேல் படங்கள் எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. நேரில் பேச்சு மூச்சில்லாமல் நின்ற இடம், வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தால் வெயிலில் காயவைத்த செங்கல் அடுக்கு மாதிரி தட்டையாகக் கிடந்தது. கேமராவைக் குறை சொன்னேன், லென்ஸைக் குறை சொன்னேன். உண்மையான காரணம், நாங்கள் போய்ச் சேர்ந்தது பகல் பன்னிரண்டு மணி. உச்சி வெயிலில் பள்ளத்தாக்குக்கு நிழல் கிடையாது. நிழல் இல்லையென்றால் ஆழமும் தெரியாது.

மூன்று ஆண்டுகள் கழித்து அம்மா, மனைவி, எட்டு வயது மகள் ஆகியோருடன் மறுபடி போனேன். கேமரா அதேதான். இந்த முறை நிழலைப் பார்த்துப் பயணத்தை அமைத்தேன். அந்த ஐந்து நாட்களில் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களும் இதைப் பின்பற்றலாம்.

படி 1: மாதத்தையும் வழியையும் முடிவு செய்யுங்கள்

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். இவைதான் குடும்பத்துக்கு ஏற்ற மாதங்கள். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அங்கே பருவமழைக் காலம். பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டும். மேகங்கள் படத்துக்கு அற்புதமாக அமையும் என்பது உண்மைதான். ஆனால் இடிச் சத்தம் கேட்டால் விளிம்பை விட்டு உடனே வண்டிக்குள் போய்விட வேண்டும். குழந்தையை வைத்துக்கொண்டு அதில் பேரம் பேச முடியாது. கோடையில் வெயிலும் சுற்றுலாக் கூட்டமும் சேர்ந்து வாட்டும்.

நாங்கள் போன வழி: லாஸ் வேகஸில் வாடகைக் கார், அங்கிருந்து கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு (சுமார் நாலரை மணி நேரம்), பிறகு பேஜ் என்ற சிற்றூர் (இரண்டரை மணி நேரம்), பிறகு யூட்டா மாநிலத்தின் சயான் தேசியப் பூங்கா (இரண்டு மணி நேரம்), திரும்ப லாஸ் வேகஸ். கிராண்ட் கேன்யனில் இரண்டு இரவுகள் கட்டாயம் தங்குங்கள். ஒரு மாலையை மேகம் மறைத்துவிட்டால் இன்னொரு மாலை கையில் இருக்கும். ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுலாக்களில் நீங்கள் அங்கே நிற்பது அநேகமாக உச்சி வெயிலில்தான், நான் முதல் முறை நின்றதுபோல.

தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய ஊட்டியின் உயரத்தில் இருக்கிறது. பாலைவனம் என்று நினைத்துப் பருத்திச் சட்டையோடு போகாதீர்கள். அக்டோபர் விடியலில் ஷட்டரை அழுத்த முடியாமல் விரல் விறைத்துப் போகும்.

படி 2: கடிகாரத்தை நம்பாதீர்கள்

அரிசோனா மாநிலம் கோடைக் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதில்லை. ஆனால் அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ பழங்குடி மக்களின் ஆட்சிப் பகுதியில் நகர்த்துகிறார்கள். பக்கத்து மாநிலமான யூட்டாவிலும் அப்படித்தான். பேஜ் ஊர் இந்த மூன்றும் கூடும் முனையில் இருக்கிறது. கைப்பேசி எந்தக் கோபுரத்தின் அலையைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். எங்கள் விடுதி அறையிலேயே என் கைப்பேசி எட்டு மணி என்றது, மனைவியுடையது ஏழு என்றது. கட்டிலில் படுத்திருந்த அம்மா தன் பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இரண்டுமே தப்பு, இந்தியாவில் இப்போது இரவு ஏழரை" என்றார்.

செய்ய வேண்டியது எளிது. கைப்பேசியில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகர நேரத்தைக் கையால் அமையுங்கள். பேஜ் அந்த நேரத்தைத்தான் பின்பற்றுகிறது. சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்யும்போது எந்த நேரம் என்று ஒரு முறை கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சூரிய உதய, அஸ்தமன நேரங்களையும் அதே கணக்கில் ஒரு தாளில் எழுதி, காரின் முன்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஐந்து நாட்களும் எங்களை நடத்தியது அந்தத் தாள்தான்.

படி 3: பையைக் குறையுங்கள்

ஒரு கேமரா, ஒரு அகலக் கோண லென்ஸ் (16–35 மி.மீ. அல்லது அதற்கு இணையானது), ஒரு தொலைவு லென்ஸ் (70–200). எடை குறைந்த டிரைபாட் ஒன்று. இரண்டு கூடுதல் பேட்டரிகள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஆகையால் அவற்றைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். துடைக்க மெல்லிய துணி, தூசி ஊத ரப்பர் ஊதுகுழல். அவ்வளவு போதும்.

போலரைசர் வடிகட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாறையின் பளபளப்பைக் குறைத்து நிறத்தைக் கூட்டும், நல்லதுதான். அகலக் கோண லென்ஸில் மாட்டினால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகி, மற்ற பகுதி வெளிறி, திட்டுத்திட்டாக விழும். தொலைவு லென்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரோனை வீட்டிலேயே வையுங்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களிலும் நவஹோ பூங்காக்களிலும் அதற்குத் தடை.

கைப்பேசி மட்டும் இருப்பவர்களுக்கு: 0.5 என்று காட்டும் அகலக் கோணம், தொலைவு லென்ஸ், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி ஆகிய மூன்றும் எங்கே இருக்கின்றன என்று புறப்படும் முன்பே வீட்டு மொட்டை மாடியில் நின்று பழகிவிடுங்கள். விளிம்பில் நின்றுகொண்டு தேடக் கூடாது.

படி 4: நிழலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

கிராண்ட் கேன்யனின் நீளம் 446 கி.மீ.; அகலம் சில இடங்களில் 29 கி.மீ.; ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். இந்த எண்கள் எதுவும் படத்தில் தெரியாது. கண் இரண்டும் சேர்ந்து ஆழத்தை உணர்கின்றன; கேமராவுக்கு ஒற்றைக் கண். அதற்கு ஆழத்தைச் சொல்லித்தருவது நிழல் ஒன்றுதான். சூரியன் தாழ்ந்து பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடிக்கும்போது ஒவ்வொரு பாறை அடுக்கின் விளிம்பும் அடுத்த அடுக்கின்மேல் ஒரு கோடு இழுக்கிறது. மேலே சுமார் 27 கோடி ஆண்டு வயதுள்ள கைபாப் சுண்ணாம்புக்கல், அடியில் 170 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட விஷ்ணு பாறை. இடையில் உள்ள அத்தனை வரிகளும் அப்போதுதான் பிரிந்து தெரியும்.

ஆகவே நாளை இப்படிப் பிரியுங்கள். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து ஒரு மணி நேரம் படம். அஸ்தமனத்துக்கு ஒரு மணி முன்பிருந்து இருட்டும்வரை படம். இடைப்பட்ட பகல் முழுவதும் குடும்பத்துக்கு: சாப்பாடு, தூக்கம், அருங்காட்சியகம், குழந்தை கேட்கும் ஐஸ்கிரீம். கேமரா பைக்குள் இருக்கட்டும். பகலில் படமெடுக்கிறேன் என்று எல்லாரையும் வெயிலில் நிறுத்தினால், மாலையில் நல்ல வெளிச்சம் வரும்போது "அறைக்குப் போகலாம்" என்ற குரல்தான் கேட்கும். என் முதல் பயணத்தில் கேட்டேன்.

விடியலில் எல்லாரும் சூரியனைப் பார்த்து நிற்பார்கள். நீங்கள் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்புங்கள். முதல் ஒளி உயரமான பாறை முனைகளை மட்டும் தொடும். கீழே எல்லாம் நீல இருட்டாக இருக்கும். பார்வையாளர் மையத்திலிருந்து சில நிமிட நடையில் உள்ள மேத்தர் பாயின்ட் இதற்கு நல்ல இடம். தொலைவு லென்ஸைப் போட்டு, வானத்தை வெட்டிவிட்டு, ஒளி பட்ட ஒரு முனையையும் அதன் கீழ் உள்ள இருட்டையும் மட்டும் எடுங்கள். மேகமில்லாத வெற்று வானம் படத்தில் பாதி இடத்தை வீணாக அடைத்துக்கொள்ளும். அதற்கு இரக்கம் காட்ட வேண்டாம்.

படி 5: மாலையில் ஹோபி பாயின்ட்

மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை, ஹோபி பாயின்ட் என்ற காட்சிமுனைக்குப் போகும் ஹெர்மிட் சாலையில் சொந்த வண்டிகள் போக முடியாது. பூங்காவின் இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். நடக்க இயலாத பெரியவர்கள் இருந்தால் பூங்கா நுழைவாயிலிலோ பார்வையாளர் மையத்திலோ கேளுங்கள். அவர்களுக்காகக் காரிலேயே போக அனுமதிச் சீட்டு தருகிறார்கள். இது பலருக்குத் தெரிவதில்லை.

பேருந்தில் போகும்போது எதிரே தெரியும் பாறைகளின் பெயர்களை அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். விஷ்ணு கோயில், பிரம்மா கோயில், சிவன் கோயில். 1880களில் இந்தப் பகுதியை ஆய்ந்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் கீழை நாட்டுக் கடவுளர் பெயர்களைச் சூட்டும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அதனால்தான் அரிசோனாவில் மும்மூர்த்திகளும் குடியிருக்கிறார்கள். அம்மா உடனே செருப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்தார். ஹோபி பாயின்ட்டில் இறங்கியதும் முதல் கேள்வி: "சிவன் கோயில் என்றாயே, கோபுரம் எங்கே?" வடமேற்கே கைநீட்டிக் காட்டினேன். தட்டையான உச்சி கொண்ட பெரிய பாறை மேடை அது. "கோபுரமே இல்லையே, மொட்டை மாடி மாதிரி இருக்கிறது" என்றார். என்றாலும் கைகூப்பினார்.

அஸ்தமனத்துக்கு நாற்பது நிமிடம் இருக்கும். கீழே ஆற்றுப் பள்ளத்தில் ஏற்கெனவே இருட்டு நிறைந்திருந்தது. அந்த இருட்டின் மேல்விளிம்பு, குடத்தில் தண்ணீர் ஏறுவதுபோல, பாறைச் சுவர்களில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அதன் கோட்டுக்குக் கீழே சாம்பல் நீலம், மேலே செம்பு நிறம். மகளிடம், "அந்தக் கோடு அந்த வெள்ளை அடுக்கைத் தொடும்போது சொல்" என்றேன். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. எனக்கு அலாரம் ஆனது. "தொட்டுவிட்டது!" என்று கத்தினாள், எடுத்தேன். அந்தப் பயணத்தின் சிறந்த நிலக்காட்சிப் படம் அதுதான்.

அமைப்பு இப்படி: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8 அல்லது எஃப் 11, கேமரா டிரைபாடின் மேல், இரண்டு நொடித் தாமத ஷட்டர். ரா கோப்பாகவே (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுங்கள். வெளிச்சம் பட்ட பாறையைப் பார்த்து ஒளியின் அளவை வையுங்கள். நிழல் கறுத்துப் போனாலும் பின்னால் தூக்கிவிடலாம், வெளுத்துப்போன வானத்தை மீட்க முடியாது. கைப்பேசியில், ஒளி பட்ட இடத்தை விரலால் தொட்டு, பிடித்து, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுங்கள்.

சூரியன் மறைந்ததும் கூட்டம் பேருந்துக்கு ஓடும். நீங்கள் இருபது நிமிடம் உட்காருங்கள். மேற்கு வானத்தின் எஞ்சிய ஒளி பள்ளத்தாக்கு முழுவதும் சமமாகப் பரவி, கடும் நிழல்கள் கரைந்து, ஊதா நிறத்தில் மலை வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நிற்கும். தொலைவு லென்ஸுக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. கடைசிப் பேருந்தின் நேரத்தை மட்டும் முன்பே பார்த்துவையுங்கள்.

படி 6: குடும்பத்தைப் படத்துக்குள் கொண்டுவருதல்

வழக்கமாக என்ன செய்கிறோம்? வேலிக்கு முன்னால் நால்வரையும் வரிசையாக நிறுத்தி, "சிரியுங்கள்" என்கிறோம். பின்னால் பிரகாசமான பள்ளத்தாக்கு, முன்னால் கறுத்த முகங்கள். திருப்பி நிறுத்தினால் வெயில் முகத்தில் அடித்து எல்லாரும் கண்ணை இடுக்குவார்கள்.

முகம் தெரிய வேண்டிய படத்தை அஸ்தமனம் ஆன பத்து நிமிடத்துக்குள் எடுங்கள். முகத்துக்கும் பின்னணிக்கும் அப்போது வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். பகலில்தான் எடுக்க முடியும் என்றால் விளிம்போரத்து மரத்தின் நிழலில் நிறுத்தி, ஃபிளாஷை மெலிதாகப் போடுங்கள்.

பள்ளத்தாக்கின் அளவைக் காட்டும் படம் வேறு வகை. அதில் ஆட்கள் எறும்பு அளவில் இருக்க வேண்டும். கம்பி வேலி உள்ள ஒரு பாறை முனையில் குடும்பத்தை நிறுத்திவிட்டு, நீங்கள் பக்கத்து முனைக்குப் போய்த் தொலைவு லென்ஸில் எடுங்கள். தொலைவு லென்ஸ் பின்னால் உள்ள சுவரை அருகில் இழுத்து, அவர்கள் தலைக்கு மேல் மலையாக நிறுத்தும். மேத்தர் பாயின்ட்டில் இதற்கு வசதி இருக்கிறது. உடை நிறத்தையும் யோசியுங்கள். சிவப்பும் காவியும் பாறையில் கரைந்துவிடும். அம்மா மயில்கழுத்து நிறப் புடவை கட்டியிருந்தார். இருநூறு அடிக்கு அப்பாலிருந்தும் அந்த ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தது.

இப்போது கண்டிப்பான பகுதி. தெற்கு விளிம்பின் பெரும்பகுதியில் வேலி கிடையாது. விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஓர் அடிகூடப் பின்னால் நகராதீர்கள். நகர வேண்டுமென்றால் கேமராவை இறக்கி, திரும்பிப் பார்த்து, பிறகு நடங்கள். குழந்தையின் கை எப்போதும் பெரியவர் ஒருவரின் கையில் இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் படமெடுப்பவராக இருக்கக் கூடாது. வெறும் பாறையின் நுனியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து எடுத்த படங்களை நீங்கள் இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பார்த்த அளவோடு விட்டுவிடுங்கள்.

விளிம்பிலேயே இன்னொன்றையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்: பிரைட் ஏஞ்சல் பாதையின் தலைப்பில் நிற்கும் கோல்ப் ஸ்டுடியோ. எல்ஸ்வொர்த், எமரி என்ற சகோதரர்கள் 1904இல் கட்டத் தொடங்கியது. கோவேறு கழுதையில் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பயணிகளைக் காலையில் படமெடுப்பார்கள். ஆனால் படத்தைக் கழுவ மேலே நல்ல தண்ணீர் இல்லை. எமரி சுமார் 7 கி.மீ. பாதையில் 900 மீட்டர் ஆழம் இறங்கி, ஊற்றருகே படத்தைக் கழுவிக்கொண்டு, பயணிகள் திரும்புவதற்குள் மேலே ஏறி வந்துவிடுவார். பேட்டரி தீர்ந்தது என்று சிணுங்கியிருந்த என் மகள் இதைக் கேட்டுச் சற்று நேரம் அமைதியாக இருந்தாள்.

படி 7: ஹார்ஸ்ஷூ பெண்ட்

பேஜ் போகும் வழியில், கிழக்குக் கோடியில் டெசர்ட் வியூ காவற்கோபுரத்தில் வண்டியை நிறுத்துங்கள். மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932இல் கட்டிய கல் கோபுரம். பள்ளத்தாக்குப் படத்துக்கு நல்ல முன்புலம். அருகிலுள்ள லிப்பன் பாயின்ட்டிலிருந்து கொலராடோ ஆறும் தெளிவாகத் தெரியும்.

பேஜ் அருகே குதிரை லாடம் போல ஆறு வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டுக்கு வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நடக்க வேண்டும். தண்ணீர், தொப்பி கட்டாயம். மற்ற இடங்களுக்குச் சொன்ன விதி இங்கே பொருந்தாது. அதிகாலையில் வளைவின் பாதி இருட்டில் இருக்கும். மாலையில் சூரியன் நேர் எதிரே கண்ணைக் குத்தும். முற்பகல் நடுவில் போனால் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும். ஆற்றின் பச்சையும் முழுதாகத் தெரியும். வளைவு முழுவதும் ஒரே படத்தில் அடங்க 16 மி.மீ. வேண்டும், கைப்பேசியின் 0.5 போதும். சுமார் 300 மீட்டர் செங்குத்துப் பள்ளம் அது. வேலி போட்ட இடத்திலேயே நில்லுங்கள்.

படி 8: ஆன்டிலோப் பிளவுக்குள்

பேஜ் அருகே உள்ள இது வேறு உலகம். விளிம்பில் நின்று கீழே பார்ப்பதில்லை. பூமியின் பிளவுக்குள் நடந்து மேலே பார்க்கிறீர்கள். மழை வெள்ளம் மணற்பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய வழி. மேல், கீழ் என இரண்டு பிளவுகள் உண்டு. மேல் ஆன்டிலோப்புக்கு நவஹோ மொழியில் 'பாறைகளுக்கிடையே தண்ணீர் ஓடும் இடம்' என்ற பொருளில் பெயர் இருக்கிறது. நவஹோ மக்களின் நிலமாதலால் அவர்களுடைய வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். வாரக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள்.

மேலா, கீழா? கீழ் ஆன்டிலோப்பில் செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. மேல் ஆன்டிலோப்பில் உள்ளே மணல் தரையில் நடக்கலாம். வெளியேறும் வழியில் ஏற்றம் உண்டா, எத்தனை படி என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். கூரையிலிருந்து தூண் போல இறங்கும் ஒளிக்கற்றை வேண்டுமானால் மேல் ஆன்டிலோப்தான், அதுவும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, நண்பகலை ஒட்டி. நாங்கள் போனது அக்டோபர், கற்றை கிடைக்கவில்லை. சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமே எனக்குப் போதுமானதாக இருந்தது. வெயில் ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குப் பாய்ந்து, அங்கிருந்து மறுபடி தெறித்து, ஒவ்வொரு பாய்ச்சலிலும் நிறம் ஏறுகிறது. மேலே மஞ்சள், நடுவே ஆரஞ்சு, அடியில் ஊதா.

டிரைபாடுக்கும் பைகளுக்கும் அனுமதி இல்லை. கையால் எடுக்க அமைப்பு: ஐஎஸ்ஓ 800 முதல் 1600, எஃப் 5.6, ஷட்டர் 1/30 நொடிக்கு அருகே. முழங்கைகளை விலாவில் ஒட்டி, மூச்சை விட்டபடி அழுத்துங்கள். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை அமைப்பை) தானியங்கியில் விடாதீர்கள். 'இவ்வளவு ஆரஞ்சு தப்பு' என்று கேமரா தானே நினைத்துக்கொண்டு நிறத்தைக் கழுவிவிடும். பகல் வெளிச்சம் அல்லது மேகமூட்டம் என்று அமையுங்கள். வானத்தின் வெள்ளைத் துண்டு படத்துக்குள் வராமல் பாருங்கள். ஒரு விரற்கடை வந்தாலும் கண் அங்கேதான் போகும். கூட்டம் முன்னும் பின்னும் இருக்கும், ஆகவே தலைக்கு மேலே உள்ள வளைவுகளை எடுங்கள். அங்கே யாரும் குறுக்கே வர மாட்டார்கள்.

உள்ளே லென்ஸை மாற்றக் கூடாது. எனக்குத் தெரியும், ஆனாலும் மாற்றினேன், பத்து நொடிதான். மேலிருந்து மெல்லிய மணல் மாவு சலிப்பதுபோல விழுந்துகொண்டே இருக்கும். அன்று முதல் அந்த லென்ஸின் வளையத்தைத் திருப்பினால் அம்மியில் மிளகு அரைக்கும் சத்தம் வருகிறது.

மழை அபாயம் என்று பயணத்தை ரத்து செய்தால் வாதாடாதீர்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப்பில் திடீர் வெள்ளம் புகுந்து பதினொரு பயணிகள் இறந்தார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டர் தொலைவில்.

படி 9: சயான்

இங்கே நீங்கள் பள்ளத்தின் அடியில் நிற்கிறீர்கள். ஒரு சுவரில் வெயில், எதிர்ச்சுவரில் நிழல்; நிழலில் உள்ள சுவர்தான் தெறித்த ஒளியில் உள்ளிருந்து எரிவதுபோல் மின்னும், அதை எடுங்கள். வாட்ச்மன் சிகரத்தை அஸ்தமனத்தில் எடுக்க எல்லாரும் பாலத்தின் மேல் கூடுவார்கள்; வண்டிகள் ஓடும் குறுகிய பாலம் அது. பாரஸ் நடைபாதையில் வர்ஜின் ஆற்றங்கரைக்குப் போனால் அதே சிகரம் ஆற்றோடு சேர்ந்து கிடைக்கும். தார் போட்ட பாதை, சக்கர நாற்காலியும் போகும். அம்மா அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் நீரில் விழுந்த சிகரத்தை எடுத்து முடிக்கும்போது எனக்கென்று ஒரு பிடிதான் மிச்சம் இருந்தது.

படி 10: வீட்டுக்கு வந்தபின்

முதல் வேலையாகக் கேமராப் பையை வாசலுக்கு வெளியே தலைகீழாகத் தட்டுங்கள். படங்களை இரண்டு இடங்களில் சேமியுங்கள். திருத்தும்போது நிறச்செறிவைக் கூட்டும் ஆசை வரும்; பாறை ஏற்கெனவே சிவப்பு, தக்காளி ஆக்க வேண்டாம். நிழலைச் சற்றுத் தூக்குங்கள், முழுவதும் தூக்காதீர்கள். எல்லா இருட்டையும் வெளிச்சமாக்கினால், அத்தனை அதிகாலை எழுந்து எடுத்த படமும் பகல் பன்னிரண்டு மணிப் படம் ஆகிவிடும்.

பிறகு பத்துப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அதில் இரண்டைப் பெரிதாக அச்சிடுங்கள். நிழற்கோடு வெள்ளை அடுக்கைத் தொட்ட படம் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் மகள் அதைக் காட்டி, "இது நான் சொல்லித்தான் அப்பா எடுத்தார்" என்கிறாள்.